வாய் திறக்காத கூட்டம்

நகரப் பூங்காவின் நடுவே ஒரு நாவல் மரம் நின்றது. யாரும் நட்டதல்ல, காக்கை போட்ட விதை. அனுமதி பெறாமல் முளைத்து, அனுமதி பெறாமல் பழுத்தது. எதிர்த் தெருத் தையல்காரர் தினமும் அதனடியில் பழம் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் கடை திறப்பார். அந்த மரத்தின் மேல் அவருக்கு உயிர்.

பிறகு நாகரிகம் வந்தது. காட்டுப்பழம் உடம்புக்கு நல்லதென்று யாரோ கிளப்பிவிட, வெள்ளை ஷூ போட்ட நடைப்பயிற்சிக்காரர்கள் பிரம்புக் கூடையோடு படையெடுத்தார்கள். ஷூவில் கறை பட்டதும் அவர்களே புகாரும் கொடுத்தார்கள்.

பூங்கா அதிகாரி தீர ஆலோசித்து ஆணை பிறப்பித்தார்: "மரத்திலுள்ள பழம் மரத்துக்குச் சொந்தம். தரையிலுள்ள பழம் பூங்காவுக்குச் சொந்தம். விழுந்துகொண்டிருக்கும் பழம் குறித்து மேலிடத்தில் விளக்கம் கோரப்பட்டுள்ளது."

விளக்கம் வரும்வரை ஊரே மரத்தடியில் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

அதிகாரி விடுவாரா? நாக்குப் பரிசோதனை வைத்தார்.

"நாக்கை நீட்டுங்க," என்றார் காவலாளி.

"எனக்குப் பொறந்ததுலேர்ந்தே ஊதாதாங்க," என்றார் தையல்காரர்.

"நேத்து சிவப்பா இருந்துச்சே?"

"நேத்து காய்ச்சலுங்க."

குடிமக்களை நாக்கு நீட்டச் சொல்வது மரியாதைக் குறைவு என்று மேலிடம் கண்டித்தது. ஆகவே ஆணை திருத்தப்பட்டது: பேசும்போது தானாக ஊதா தெரிந்தால் மட்டும் பூங்காவுக்குள் நுழையத் தடை. அன்றோடு பூங்காவில் பேச்சு நின்றது. அமைதி காத்ததற்காக அதிகாரிக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது.

அந்தத் தெம்பில் அவர் மரத்தையே வெட்டிவிடத் தீர்மானித்து, பொதுமக்கள் கருத்துக் கேட்கப் பூங்காவிலேயே கூட்டம் போட்டார்.

"நீங்களாவது எந்திரிச்சு நாலு வார்த்தை கேளுங்க," என்றாள் தையல்காரர் மனைவி. "நானே வந்து கிழிச்சிருப்பேன், வேலை கெடக்கு. இன்னைக்கு ஒரு நாளாவது வாயைக் கட்டுங்க!"

கட்டித்தான் போனார். மரத்தடியில் நின்றபோது காலடியில் ஒரு பழம் விழுந்தது. இதுவே கடைசிப் பழமாக இருந்தால்? பாவம், மனசு கேட்கவில்லை.

கூட்டம் நிரம்பி வழிந்தது. ஏனோ அதிகாரியும் பேசவில்லை, ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார்: "ஆட்சேபம் உள்ளவர்கள் வாய் திறந்து தெரிவிக்கவும்."

தையல்காரர் எழுந்தார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே உட்கார்ந்தார். வேறு யாரும் எழவே இல்லை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது, மறுநாள் மரமும் விழுந்தது.

"இத்தனை பேர்ல ஒருத்தர் கூடவா வாயைத் திறக்கல?" என்று மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள். "நான் மட்டும் வந்திருந்தா..."

தையல்காரர் அவள் வாயையே பார்த்தார். உள்ளே நாக்கு, நல்ல ஊதா.