கண் மட்டத்தில் பாகற்காய்

பாகற்காய் ஊறுகாய்ப் போத்தல்கள் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்தன. பார்த்ததுமே சேதுபதிக்குக் கை பரபரத்தது. வாடிக்கையாளரின் கவனம் எங்கே போகும், எங்கே போகாது என்று கம்பெனி கம்பெனியாக வகுப்பெடுப்பவன் அவன். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு ஆலோசகனாக இன்றுதான் முதல் நாள். இது சரியாக அமைந்தால் அவர்களுடைய மற்றக் கிளைகளும் அவன் கையில்.

"முதலாளிதான் வரச் சொன்னாரு" என்றான், கல்லாவில் இருந்த சாமுண்டீஸ்வரியிடம். "ஜனங்க எதையும் பாக்கிறதில்லக்கா. கண்ணுக்கு நேரா இருக்கிறத எடுத்துட்டுப் போயிடுவாங்க. சிங்கப்பூர் முழுக்க இப்படித்தான்."

மாங்காய் ஊறுகாயைக் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பாகற்காயை ஏற்றினான். மதியத்துக்குள் தட்டு பாதி காலி.

"பாத்தீங்களா? சயின்ஸ்!"

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சயின்ஸ் திரும்பி வந்தது. பக்கத்து ஆபீஸ் வைதேகி, திறந்த போத்தலைக் கல்லாவில் டொக்கென்று வைத்தாள்.

"தயிர்சாதத்துக்கு மாங்கான்னு எடுத்தேன். இது என்ன, கஷாயமா?"

அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர், அதே முகத்தோடு.

சேதுபதி அசரவில்லை. 'இது பாகற்காய்' என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதித் தட்டில் ஒட்டினான். சிவப்பைக் கண்டவர்கள் ஆளுக்கு இரண்டாக எடுத்தார்கள்.

"என்ன தம்பி இது?"

"சிவப்புன்னா ஆஃபர்னு நினைச்சுக்கிறாங்கக்கா. இருங்க."

அடியில் 'தள்ளுபடி இல்லை' என்று சேர்த்தான்.

பொதுமக்கள் முதல் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். வரிசை நடைபாதைவரை நீண்டது. கல்லாவில் விலையைக் கேட்டவர்கள் கூச்சல் போட்டார்கள். ஒருவர் வீடியோ எடுத்தபடியே இரண்டு போத்தல்களைக் கூடையில் போட்டுக்கொண்டார்.

"முதலாளி வந்தா என் வேலை போயிடும்!" சாமுண்டீஸ்வரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான் என்னக்கா பண்றது?" சேதுபதி தலையில் அடித்துக்கொண்டான். "இவ்ளோ பெருசா எழுதியிருக்கு. அதைக்கூடப் படிக்காத ஜனங்க!"

அப்போது வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தார். சேதுபதியின் கழுத்தில் தொங்கிய அட்டையைக் குனிந்து வாசித்தார்.

"சேதுபதி நீங்கதானா? போன்ல உங்கள வேலைக்குப் பேசின ஃபாரூக் நான்தான். காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன் தம்பி, என் கடை அடுத்த கடை லா!"