கம்பனி அண்ணையும் என் ஒரே சிரிப்பும்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்ட தமிழர் எல்லாரும் ஒரு ஜப்பான் கமராக் கம்பனியின் வரலாற்றைப் பாதி கேட்டவர்கள். சொன்னவர் கம்பனி அண்ணை.

பகலில் மிசிசாகாவில் பெட்டி அடுக்குவார். பின்னேரம் வெக்ஸ்போர்ட்டில், தன் வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்றில், அந்தக் கம்பனியின் பழைய கமராவால் படம் பிடிப்பார். ஜப்பானைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கம்பனியைப் பற்றிப் பேசினால் 'நாங்கள்' என்றுதான் தொடங்குவார், ஏதோ சித்தப்பா நடத்திய கடை மாதிரி.

எங்கள் ஆட்கள் கமராவைக் கண்டால் சோதனைச் சாவடியில் நிற்கிற முகத்தை எடுத்துவிடுவார்கள். என் முகம் அதிலும் மோசம். யாழ்ப்பாணத்தில் எனக்குப் பேசியிருந்த பெண் என் படத்தைப் பார்த்துவிட்டு, ஆள் சரியான கோபக்காரர் போல, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாளாம். இன்னொரு படம் அனுப்பலாமாம். அதுவும் இப்படியென்றால் கலியாணப் பேச்சே வேண்டாமாம். எனக்கோ அவளுடைய படம் வந்த நாள் முதல் சோறு இறங்கவில்லை.

கம்பனி அண்ணை என்னை ஸ்டூலில் இருத்தினார். சிரிக்கச் சொல்லவேயில்லை. வரலாற்றைத் தொடங்கினார். முதலில் தாங்கள் கமராவே செய்யவில்லையாம், பைனாக்குலர்தானாம். பிறகு மற்றவனுடைய கமராவுக்கு லென்ஸ் செய்து கொடுத்தார்களாம். நான் கல்லுப்போல இருந்தேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து தொழிற்சாலை வெறிச்சோடிய கட்டத்தில் அண்ணை கைக்குட்டையை எடுத்தார்.

"அப்ப நாங்கள் சரியாக் கஷ்டப்பட்டனாங்கள் தம்பி."

"அண்ணை, நீங்கள் அப்ப எங்கை நிண்டனீங்கள்?"

"நான் பிறக்கேல்லை," என்றார், கண்ணைத் துடைத்தபடி. "அதுக்காகக் கவலைப்படக் கூடாதோ?"

எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. கிளிக். படம் வந்திட்டுது, எழும்பும் என்றார். மிச்சக் கதையைக் கேட்டால், அடுத்த ஆள் வாசலில் நிற்கிறாராம்.

படம் போனது. பெண் ஓம் என்றாள். கனடா வந்து இறங்கியதும், யாரைப் பார்த்து அப்படிச் சிரித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டாள். கலியாணத்தன்று அண்ணை படம் எடுக்க வந்தபோது அவள் பைனாக்குலர்க் கட்டத்திலேயே சிரித்துவிட்டாள். விசாரித்தால் ஊரே இப்படித்தான்: ஒருவர் லென்ஸில் சிரித்தவர், இன்னொருவர் யுத்தத்தில். கம்பனி சொந்தமாகக் கமரா செய்த கட்டத்துக்கு ஒருவரும் போய்ச் சேரவில்லை.

பிறகு அண்ணை பிறம்ரன் நகருக்குக் குடிபோய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தேடிப் போனோம். கண்டதும் கமராவை எடுத்தார். மனைவி அதை வாங்கி மேசையில் வைத்தாள்.

"இண்டைக்குப் படம் வேண்டாம் அண்ணை. நீங்கள் இருந்து முழுக்கச் சொல்லுங்கோ."

அண்ணை கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். பிறகு செருமிக்கொண்டு, "நாங்கள்..." என்று தொடங்கினார். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அந்த 'நாங்கள்' இல்லாவிட்டால் எனக்கு இவள் ஏது?