உப்பு நிற்காத தொட்டி

மிதவை பச்சைக் கோட்டுக்கு ஏறவே மாட்டேன் என்றது.

"இன்னும் ரெண்டு படி போடு" என்றான் மாரிமுத்து.

"ஏங்க, அடியில உப்பு கரையாமக் கிடக்கு. இதுல மீனை விட்டா கருவாடாத்தான் வெளிய வரும்" என்றாள் தங்கமணி.

மூக்கண்டப்பள்ளி லைன் வீட்டின் முன்னறையில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. அவன் கையில் லாரி பேட்டரியில் ஆசிட் பார்க்கிற, உள்ளே மிதவை வைத்த குழல். கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டான். அளக்கிற கருவி எதற்கானது என்பதைப் பற்றி மட்டும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

இத்தனை கூத்தும் தங்கமணிக்காகத்தான். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவளை எட்டு மாதம் முன்பு கட்டி ஓசூருக்குக் கூட்டிவந்தான். அக்கம்பக்கத்தில் பாதிப் பேர் கன்னடம், மீதிப் பேர் தெலுங்கு. இவனுக்கோ ஷிப்ட் முடிந்தால் ஓவர்டைம். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "இந்த வீட்டுல ஒரு சத்தமும் இல்லையே" என்றாள். அவ்வளவுதான், மாரிமுத்து கையிலெடுத்த சோற்றை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். ஐயோ பாவம், அலைச் சத்தத்துக்கு ஏங்குகிறாள்! மாசி மாதம் அக்கா பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஊருக்குப் போகிறவள், அப்படியே கடலோடு தங்கிவிட்டால்? அவள் இல்லாத வீட்டை நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. மாசிக்குள் வீட்டில் ஒரு கடலை உண்டாக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தான்.

பெங்களூர் அலங்கார மீன்கடைக்காரர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "முதல்ல உப்புத்தண்ணி. அப்புறம் கடல்பாறை. பத்து நாள் உப்பு ஆடாம அசையாம நிக்கணும். நின்னாத்தான் மீன் தருவேன். மீன் செத்தா அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஓவர்டைமை நிறுத்திக்கொண்டு, நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வர ஆரம்பித்தான்.

கம்பெனி லேப்பில் வேலை பார்க்கும் கரியப்பன் தொட்டியைப் பார்க்க வந்தார். பேட்டரிக் குழலைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், இது ஆசிட்டுக்குய்யா! கடல் தண்ணின்னா மிதவை ஆயிரத்து இருபத்தஞ்சுல நிக்கணும், அதான் கணக்கு. நீ போட்ட உப்புல லைனுக்கே ஊறுகாய் போடலாம்."

சரியான மிதவை ஒன்றையும் அவரே தந்தார். பழைய தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு கொல்லையில் கொட்டினார்கள். அது போய் நின்றது வீட்டுக்காரம்மா நஞ்சம்மாவின் ரோஜாப் பாத்தியில். மூன்றே நாளில் செடியெல்லாம் கருகிப்போயிற்று.

"ஏம்பா, ரோஜாவுக்கு இன்னாத்துக்குப்பா உப்புக்கண்டம் போட்டே?" என்று நஞ்சம்மா வாசலில் வந்து நின்றாள். புதுச் செடி வாங்கித் தருவதாகச் சொல்லி அவளைச் சமாதானப்படுத்துவதற்குள் அவனுக்கு வியர்த்துவிட்டது.

அடுத்து, தூத்துக்குடியிலிருந்து மச்சான் ஈரச் சாக்கில் சுற்றிக் கடல்பாறைகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டான். வழியில் பஸ் ஒருநாள் மக்கர் பண்ணி நின்றது. பாறைகள் வந்து இறங்கியதும் லைனில் ஏழு வீட்டிலும் செத்த எலியைத் தேடினார்கள். நாற்றத்தை அமுக்க மாரிமுத்து ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்தான். துர்நாற்றமும் ஊதுபத்தியும் சேர்ந்து வந்தால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும்? நாலு பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "யாருக்கும்மா என்ன ஆச்சு?" என்று உள்ளே வந்துவிட்டார்கள். தங்கமணி சிரித்த சிரிப்பில் அவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் நாற்றம் அடங்கியது. பாறையில் பச்சையாக ஏதோ துளிர்த்தது. தினமும் சாயங்காலம் இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததை அவள் சொன்னாள். தனக்குச் சின்ன வயதில் திக்குவாய் இருந்ததை, யாரிடமும் சொல்லாததை, அவன் சொன்னான். வெறும் தண்ணீரையும் கல்லையும் பார்த்துக்கொண்டு இவ்வளவு பேச முடியும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனாலும் பாதிக் கண் மிதவையில்தான் இருந்தது.

"மீன் மட்டும் வரட்டும். மறுநாளே ஓவர்டைமுக்குப் போயிருவேன். சூப்பர்வைசர் எனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு" என்றான் உற்சாகமாக.

"ஓகோ" என்றாள் தங்கமணி.

உப்பு ஐந்து நாள் அப்படியே நின்றது. ஆறாம் நாள் பார்த்தால் ஆயிரத்து இருபத்தொன்று! உப்பைப் போட்டு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். இந்தத் தடவை ஏழாம் நாள் இறங்கியது. கண்ணாடியில் பெயிண்டால் கோடு போட்டுவைத்தான். தண்ணீர் கோட்டிலேயே நின்றது, உப்பு மட்டும் காணாமல் போயிற்று. மூடி போட்டான். மிதவையை மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை.

"ஒருவேளை பாறை உப்பைத் திங்குதோ?" என்றாள் தங்கமணி.

தின்றால் எடை ஏறவேண்டுமே! மளிகைக்கடைத் தராசை இரவல் வாங்கி, பாறைகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தான். எடை ஏறவில்லை. வெயில் பட்டுத் துளிர்தான் கருகியது. மறுபடி நாற்றம், மறுபடி எலி தேடல், மறுபடி முதல் நாள்.

மாசியும் வந்துவிட்டது. மறுநாள் காலையில் தங்கமணிக்கு பஸ். அன்றைக்கு உப்பு நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. கடைக்காரரிடம் போனில் மீனுக்குச் சொல்லிவிட்டு ஓடிவந்து மிதவையைப் போட்டான். ஆயிரத்து இருபது.

மாரிமுத்து கொல்லையில் துவைகல்லில் போய் உட்கார்ந்துவிட்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது. துணி எடுக்க வந்த நஞ்சம்மா பார்த்துவிட்டாள்.

"என்னப்பா, ஆம்பிளை இப்படிக் குந்திட்டே?"

"நாளைக்கு ஊருக்குப் போறாக்கா. இங்க ஒரு கடலு இருந்தா திரும்பி வருவான்னு நெனச்சேன். ஒரு மீனைக்கூட விட முடியல. இனிமே வரமாட்டா."

நஞ்சம்மா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அட பைத்தியக்காரா, அப்பப்போ நீ வேலைக்குப் போனதும் அவதாம்பா தொட்டியில ஒரு குடம் மொண்டு கொட்டிட்டு ஒரு குடம் குழாத்தண்ணி ஊத்தறா, ஏண்டி இப்படின்னு கேட்டா, 'மீன் வந்துட்டா மனுசன் மறுபடி ஓவர்டைமுக்குப் போயிருவாருக்கா'ங்கறா!"