ஓமானாவும் பாடும் மீனும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் 'ஓம்' என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்தத் தெரியாத ஒரே ஜீவன், என்னோடு ஆரையம்பதியில் உயர்தரம் படித்த ஓமானாதான். பெற்றோர் வைத்த பெயர் வேறு. யார் எதைச் சொன்னாலும் முதலில் "ஓம்" என்பாள். நாம் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் "ஆனா..." என்பாள். இரண்டும் ஒட்டி ஓமானா ஆகிவிட்டது. வரவு கூப்பிடும்போது மிஸ்கூட ஒருநாள் வாய் தவறி "ஓமானா" என்றார்.

"ஓம் மிஸ், ஆனா அது என்ட பேரில்ல."

பக்கத்து வகுப்புப் பையன் ஒருவனுக்கு அவள் மேல் ஆசை. பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, வியர்த்து வழிய, "என்னப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டான்.

"ஓம், ஆனா கேள்வி பெரிசாக் கிடக்கு. மொத்தமாக் கேட்டா என்னெண்டு பதில் சொல்லுற? உங்களிட்ட எதப் பிடிச்சிருக்கெண்டு கேளுங்க."

பாவம், ஒரு வாரம் யோசித்தான். திரும்பி வந்து, "என்ட கையெழுத்துப் பிடிச்சிருக்கா?" என்றான்.

"ஓம்" என்றாள். 'ஆனா' வரவே இல்லை. அடுத்து என்ன கேட்பதென்று அவனுக்கும் தெரியவில்லை. காதல் அங்கேயே முடிந்தது. இப்போது ஏறாவூர்ப் பக்கம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறானாம். நல்ல வருமானம் என்று கேள்வி.

இப்படிப்பட்டவளோடுதான் புவியியல் மிஸ் என்னைச் சோடி சேர்த்தார். இருவர் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நல்ல கட்டுரை வலயப் போட்டிக்குப் போகும். "தலைப்பு வேணாம், எனக்குக் கேள்வி வேணும். வெள்ளிக்கிழமை மேசையில இருக்கணும்" என்றார் மிஸ்.

எனக்குக் கவலையே இல்லை. என் அக்கா தன் காலத்தில் எழுதிய 'பாடும் மீன்கள்' கட்டுரை வீட்டு அலுமாரியில் பத்திரமாக இருந்தது. நிலா இரவில் வாவி மீன்கள் பாடும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு; கட்டுரை என்றாலே பாடும் மீன்தான். தாளில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

"இது கேள்வியா? மீன் கடை போர்டு" என்றார் மிஸ்.

சரி, ஒரு 'ஏன்' சேர்த்தால் போயிற்று. 'மீன்கள் ஏன் பாடுகின்றன?' இந்த முறை மிஸ்ஸிடம் போகும் முன்பே ஓமானா மறித்துவிட்டாள்.

"ஓம், ஆனா இத யாரிட்டக் கேக்கப் போறோம்? மீனிட்டயா? நம்மளிட்டக் கிடக்கிறது ஒரு போனும் ரெண்டு சைக்கிளும்."

"அப்ப மீன் பாடுறது நல்லதா கெட்டதா எண்டு எழுதுவமா?"

"யாருக்குகா நல்லது? மீனுக்கா?" என்றாள், எங்கள் ஊரில் தோழியை விளிக்கும் 'கா' போட்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ கேட்டிருக்கியா? மீன் பாடினத?"

"ஓம்" என்றேன். மட்டக்களப்பில் பிறந்தவள் வேறு என்ன சொல்வாள்?

"எப்ப? எங்க?"

யோசித்துப் பார்த்தால், கேட்டது நானல்ல, மாமா. மாமா வீட்டுக்குப் போனோம். மாமா கேட்கவில்லை, அவருடைய கூட்டாளி கேட்டவராம். கூட்டாளியைப் பிடித்தோம். கேட்டது அவருடைய மச்சானாம். மச்சான் டோஹாவில் இருந்தார். போனில் கேட்டதற்கு, "உங்கட மாமாதான் எனக்குச் சொன்னவர்" என்றார்.

ஓமானா தெருவில் நின்று கைதட்டினாள். கேள்வி கிடைத்துவிட்டது: 'பாடும் மீனைக் கேட்டதாக எங்கள் ஊரில் சொல்பவர்கள், தாங்களே கேட்டார்களா, பிறர் சொல்லக் கேட்டார்களா?'

மிஸ் அதை இரண்டு தரம் வாசித்தார். "இதுக்குப் பதில் கண்டுபிடிப்பீங்களா?"

"ஓம் மிஸ், ஆனா ஆக்களுக்குக் கோவம் வரும்."

வந்தது. தேத்தண்ணிக் கடைக்காரர், "அப்ப நான் பொய்யனா?" என்று கேட்டு, ஊற்றிய பிளேன்டீயை எங்கள் கண்முன்னே தானே குடித்தார். தோணிக்காரர் ஒருவர் மட்டும் சிரித்தார். "மோட்டர் இரைச்சலில கரையில நிண்டு பொண்டாட்டி கூப்பிடுறதே கேக்கிறல்ல புள்ள. மறுகா மீன் எங்க கேக்கிற?"

அதோடு விட்டிருக்கலாம். ஓமானா பள்ளிக்கூட அதிபரிடம் போக வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். பரிசளிப்பு விழாவுக்கு யார் விருந்தினராக வந்தாலும், சின்ன வயதில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்து, மீன் பாடியதைக் கேட்ட கதையைச் சொல்லாமல் அதிபர் மைக்கை விட்டதில்லை.

"கேட்டனான்!" என்றார் அதிபர், கம்பீரமாக.

"ஓம் சேர், ஆனா எப்படியான சத்தம்?"

அதிபர் கதவைக் காட்டினார். "வெளியில போங்க ரெண்டு பேரும்."

அன்று மத்தியானமே மிஸ்ஸைக் கூப்பிட்டார். மிஸ் முகம் வாடித் திரும்பி வந்து, "வேற கேள்வி எடுங்க பிள்ளையள்" என்றார். அக்காவின் கட்டுரையைக் கொண்டுவருகிறேன் என்றேன் நான். ஓமானா 'ஓம்' கூடச் சொல்லாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன், பயமாக இருந்தது.

மறுநாள் அதிபர் எங்களைக் கூப்பிட்டார். பெற்றோரைக் கூட்டிவரச் சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் அழத் தயாராக நின்றேன்.

"நான் கேக்கல்ல" என்றார், யன்னலைப் பார்த்தபடி. "என்ட அப்பா கேட்டவர். சொல்லிச் சொல்லி, நானும் அந்தத் தோணியில இருந்த மாதிரியே ஆகிட்டு. அவர் காலமான பிறகு, 'அப்பா கேட்டார்' எண்டு சொன்னா ஒருத்தரும் நிண்டு கேக்கிறாங்க இல்ல. 'நான் கேட்டன்' எண்டு சொன்னா கேக்கிறாங்க."

ஓமானா மெதுவாக, "அப்பா துடுப்ப எப்படிப் பிடிச்சவர் சேர்?" என்று கேட்டாள்.

அதிபர் மேசையிலிருந்த கோடு போடும் நீட்டு அடிமட்டத்தை எடுத்து, குனிந்து, காதில் வைத்துக் காட்டினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் கண்டதில்லை. "எழுதுங்க. என்ட பேரப் போடாம எழுதுங்க" என்றார்.

வகுப்புக்கு வந்ததும் ஓமானா எங்கள் கேள்வியையே அடித்துவிட்டு, புதிதாக எழுதினாள்: 'கேட்காதவர்கள் ஏன் கேட்டதாகச் சொல்கிறார்கள்?' சேர்த்த பதில்களையெல்லாம் எடுத்துக்கொண்டு தேத்தண்ணிக் கடையிலிருந்து திரும்பவும் தொடங்கினோம். கடைக்காரர் இந்த முறை எங்களை இருக்கச் சொல்லி, தன் பெரியப்பாவைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினார். பிளேன்டீயும் தந்தார்.

வலயப் போட்டியில் எங்களுக்கு இரண்டாமிடம். முதலிடம் பெற்ற கட்டுரையின் தலைப்பு 'பாடும் மீன்கள்.'

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் விம்மிக்கொண்டிருந்தேன். கல்லடிப் பாலம் வந்ததும் ஓமானா மணியை அடித்தாள். "இறங்குகா." மீன் பாடும் இடம் என்று எல்லோரும் காட்டும் பழைய பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தி, கம்பியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடினேன். புதுப் பாலத்தில் லொறிகள் போயின. காற்று இரைந்தது.

"கேக்குதா?"

"இல்ல."

"எனக்கும் இல்ல. இன்னும் ஒள்ளுப்பம் நிப்பம்."

அந்தக் கொஞ்ச நேரம் வெயில் சாயும்வரை நீண்டது. அவள் இப்போது கண்டியில் இருக்கிறாள். மருந்துக் கம்பனியில் வேலை. அவளுடைய மேலதிகாரிகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. மட்டக்களப்பா, மீன் பாடுவதைக் கேட்டிருக்கிறீர்களா என்று வெளியூர்க்காரர்கள் என்னைக் கேட்பார்கள். இல்லை என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம், பக்கத்தில் கண்ணை மூடி நின்ற அந்த முகம்தான் வருகிறது. பாட்டு கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நினைவிருந்திராது.