ஆமாம் சொன்னவன்

சீடன் யூதிகோஸ் எழுதிய சுருளில் மிக்கோனின் பெயர் இல்லை. ஞானி நிகாரதஸ் பேசியது அத்தனையும் இருந்தது. ஐந்து வருடமாக ஏதென்ஸ் தூண் மண்டபத்தில் அவர் எதிரே உட்கார்ந்து மிக்கோன் சொன்ன "ஆமாம் ஐயா"க்களும் இருந்தன. ஆனால் சொன்னவன் பெயர் 'ஒருவன்' என்று போட்டிருந்தது.

"ஆமாம் போடறதுக்கெல்லாம் எதுக்குடா பேரு? மறுத்துப் பேசு, எழுதறேன்" என்றான் யூதிகோஸ்.

மிக்கோனுக்கு ஊரில் நாதி கிடையாது. வீட்டில் ஒரு கட்டில், ஒரு கிண்ணம். செத்தால் அவனை நினைக்க அந்தச் சுருளை விட்டால் வேறு ஏது?

மறுநாள் துணிந்து "இல்லை ஐயா" என்றான். ஞானிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. அந்த ஒற்றை 'இல்லை'யை மூன்று நாள் அலசி, மிக்கோன் என்று ஒருவன் இருப்பதே சந்தேகம் என்று நிரூபித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். சுருளில் அந்த மறுப்பு யூதிகோஸ் பெயரில் ஏறியது. இவ்வளவு நல்ல மறுப்பை யாரோ ஒருவன் சொன்னான் என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டான் அவன்.

இடம் மாறிப் பணக்காரப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து பார்த்தான் மிக்கோன். அவன் "ஆமாம்" என்றதும் ஞானி அந்தப் பக்கம் திரும்பினார். பார்வை மட்டும் அவனைத் தாண்டி எங்கேயோ போனது. அவனுக்கு அழுகை வந்தது.

வாயே திறக்காவிட்டால் யாராவது கவனிக்கிறார்களா பார்ப்போம் என்று மறுநாள் ஊமையாக இருந்தான். ஞானி "சரிதானே?" என்று கேட்டுக் காத்திருந்தார். மறுபடி கேட்டார். பதில் சொல்வது மிக்கோன் வேலை என்று மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். அவர் மெல்லத் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சீடர்கள் மரியாதையாக, சத்தமில்லாமல் எழுந்து நின்றார்கள்.

அப்புறம் மூன்று நாளாக அவர் வரவில்லை. எல்லாரும் மிக்கோனைக் கரித்துக்கொட்டினார்கள். அத்திப்பழக் கூடையோடு மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்கே போனான். வேலைக்காரி தராத்தா கதவைப் பாதி திறந்தாள்.

"யாரு வந்திருக்காங்கன்னு சொல்லட்டும்?"

"ஒருத்தன்னு சொல்லு, போதும்."

"அப்படியெல்லாம் எழுப்ப முடியாதுங்க. ஐயாவுக்குக் கண்ணு போய் மூணு வருஷமாச்சு, வெளிய சொல்லாம மறைச்சிட்டிருந்தார். 'எல்லாரும் எப்பவோ போயிட்டாங்க, ஒரே ஒரு குரல்தான் மிச்சம் இருந்துச்சு, அதுவும் போயிடுச்சு'ன்னு சாப்பிடாமப் படுத்திருக்கார். மிக்கோன்னு ஒருத்தர் வந்தா மட்டும் எழுப்பச் சொன்னார்."