ரோச் வீட்டுக்குப் பின்னால்

ஏழு வருஷமாகப் பால்துரைக்குச் சொந்தமாக ஒரு விலாசம் கிடையாது. வீடு உண்டு. தானே செங்கல் சுமந்து, தானே சுண்ணாம்பு அடித்து எழுப்பிய வீடு. ஆனால் தங்கச்சி கடுதாசி போட்டாலும், சபையிலிருந்து கலியாணப் பத்திரிகை வந்தாலும், மேலே எழுதியிருப்பது ஒன்றுதான்: 'பால்துரை, பெயிண்டர், ரோச் வீட்டுக்குப் பின்னால், பூங்கா நகர், மாப்பிள்ளையூரணி வழி, தூத்துக்குடி.' தோணிகளுக்கெல்லாம் பேர் எழுதுகிற கை. தன் வாசலில் எழுத ஒரு நம்பர் இல்லை. யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

அந்த ரோச்சைப் பற்றித்தான் சொல்ல வந்தது. மனுஷன் நல்லவர்தான், தப்பாக நினைக்காதீங்க. ஆனால் அவர் தனி ஆள் இல்லை, ஒரு இனம். முதல் வீட்டுக்காரர் என்று பேர். ஊருக்கு வெளியே எந்தப் பொட்டலில் நாலு கல்லை ஊன்றி மனை பிரித்தாலும் அங்கே முதலாவதாக ஒருத்தர் வீட்டைக் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லாம் அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்.

இவரை எப்படி அடையாளம் காண்பது? பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷத்துக்குள் "நான் வந்தப்ப" என்ற வார்த்தை வரும். வரவில்லை என்றால் உடம்புக்கு ஏதோ சரியில்லை.

"நான் வந்தப்ப இங்கன என்னலே இருந்துச்சு? பூரா உடைமரம். பகல்லயே பாம்பு ஊரும்."

அந்தப் பாம்பு, பால்துரை குடிவந்த வருஷம் ஒரே ஒரு சாரை. மறு வருஷம் மூன்று. புதுத் துறைமுகம் திறந்து, வேலைக்கு வந்தவர்கள் வரிசையாக வீடு கட்டத் தொடங்கியதும் அதுவும் கூடவே பெருகி, இப்போது பதினாலு கட்டுவிரியனில் வந்து நிற்கிறது. நகர் வளர வளரப் பாம்பும் வளர வேண்டாமா?

யார் வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினாலும் கொத்தனாருக்கு முன்னால் ரோச் அங்கே நிற்பார். இந்த மூலையில் கிணறு வேண்டாம், உப்பு. அந்த மூலையில் ஜன்னல் வேண்டாம், கச்சான் காற்று மண்ணை அள்ளிக் கொட்டும். தண்ணி லாரி வந்தது அவர் கொடுத்த மனுவால். லைட்டுக் கம்பம் வந்தது அவர் கொடுத்த மனுவால். மழை பெய்தால் மட்டும் மனுவைப் பற்றிப் பேசமாட்டார், மாதா கோவித்துக்கொள்வாள் என்று. பூங்கா நகரில் பூத்தது உப்பு ஒன்றுதான் என்று வேறு யாராவது சொன்னால் போச்சு. அதைச் சொல்ல அவருக்கு மட்டும்தான் பாத்தியதை.

இதெல்லாம் போகட்டும். தபால்தான் பால்துரைக்குத் தாங்க முடியாதது. தெருவுக்குள் மணல், சைக்கிள் ஓடாது. அதனால் தபால்காரர் பேச்சிமுத்து மொத்தத்தையும் ரோச் வீட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு காலத்தில் தோணியில் தலைவனாக, தண்டலாக இருந்து ஆட்களை விரட்டிய ரோச், வாசல் பெஞ்சில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடுதாசிகளை விரட்ட ஆரம்பிப்பார். கார்டு என்றால் வாசிக்காமல் கொடுப்பதில்லை. கேட்டால், "தொறந்து கெடக்கு. கண்ணு படத்தானலே செய்யும்" என்பார்.

ஒருநாள் பால்துரை வேலை முடிந்து வந்ததும் பெண்டாட்டி கிருபை சொன்னாள்:

"ஒங்க தங்கச்சி முழுகாம இருக்காளாம்."

"யாரு சொன்னா?"

"தண்ணி லாரிகிட்ட பேசிக்கிட்டாவ."

"கடுதாசி எங்க?"

"அவிய இன்னும் வாசிச்சு முடிக்கலையாம்."

இப்படி இருக்கையில்தான் பஞ்சாயத்தில் வீட்டுக்கு வீடு நம்பர் போடப்போவதாகச் செய்தி வந்தது. பால்துரைக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. என்ன நம்பரானாலும் சரி, நம்பர் என்று ஒன்று வந்தால் போதும்.

ரோச்சுக்கோ சந்தேகமே இல்லை. குலசேகரன்பட்டினத்திலிருந்து கொழும்பு வரை உள்ள சொந்தக்காரர்கள் பதினோரு பேருக்கும் 'இனி என் விலாசம், 1, பூங்கா நகர்' என்று கார்டு போட்டுவிட்டார். அதோடு விட்டாரா? பால்துரையைக் கூப்பிட்டு, கதவில் முழ உயரத்துக்கு ஒரு 1 எழுதச் சொன்னார்.

"பஞ்சாயத்துக்காரன் வந்து எழுதட்டுமே அண்ணாச்சி?"

"அவன் கரியால கிறுக்கிட்டுப் போவான். நீ தோணிப் பெயிண்டுல எழுது. செவப்புல."

பால்துரை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். தோணிப் பெயிண்டு, கடல் தண்ணிக்கே போகாது.

மறுநாள் கிளார்க் வன்னியபெருமாள் வந்தார். எந்தப் பக்கமாக வந்தார்? ரோச் வெள்ளைச் சட்டை போட்டுக் காத்து நின்ற பழைய வண்டிப்பாதைப் பக்கம் இல்லை. துறைமுகத்துக்காகப் போட்ட தார் ரோடு தெருவின் மறு முனையில் இருக்கிறது. ஜீப் அங்கேதான் நின்றது. அங்கே கிரேன் ஆப்பரேட்டர் கிளாட்வின் கட்டி, இன்னும் பால் காய்ச்சாத, சிமெண்டு காயாத வீட்டுக்கு ஒன்று. அப்படியே வந்து பால்துரைக்கு முப்பது. கடைசியாக ரோச் வீட்டு நிலைக்கு மேலே சின்னதாக, கறுப்பில், முப்பத்தொன்று.

"நான் வந்தப்ப இங்கன..." என்று ரோச் ஆரம்பித்தார்.

"அது சரி அண்ணாச்சி. ஜீப்பு மணல்ல எறங்காதுல்லா" என்று கிளார்க் நோட்டை மூடினார்.

பேச்சிமுத்துவும் அதற்கப்புறம் தார் ரோட்டில் சைக்கிளைச் சாத்திவிட்டு, நம்பர் பார்த்து வீடு வீடாக நடந்து கொடுக்க ஆரம்பித்தார். பால்துரை வாசலுக்கே முதல் கார்டு வந்தது. யாரும் வாசிக்காத கார்டு. தங்கச்சிக்கு ஆண் பிள்ளை. தெருவில் ஒருத்தருக்கும் தெரியாததால், பால்துரையே போய் முப்பது வீட்டிலும் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படிப் போகையில், குடிவந்து இரண்டு நாளான கிளாட்வின் கேட்டார்: "இங்கன பூச்சி பொட்டு உண்டா அண்ணாச்சி?"

"இப்ப என்ன இருக்கு? நாங்க வந்தப்ப பாக்கணும்" என்றார் பால்துரை. ஒன்பது அடியில் ஒரு பாம்பு தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது.

சிரிக்கிறீங்களா? உங்கள் தெருவில் கடைசியாகக் குடிவந்தவரிடம் நீங்கள் முதலில் சொன்னது என்ன? யோசித்துப் பாருங்கள். பாம்பு எத்தனை அடி?

அன்று சாயந்திரம் ரோச் பால்துரை வீட்டுக்கு வந்தார். ஏழு வருஷத்தில் அவராக வந்தது அதுதான் முதல் தடவை. நிலைக்கு மேலே இருந்த முப்பதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஏலே பால்துரை, கதவுல எழுதுன அந்த ஒண்ண அழிக்க வேண்டாம். அதுக்கு முன்னால ஒரு மூணு மட்டும் போட்டுரு. சின்னதா போடு."