வான்கோழிக்குத் தைத்த சட்டை

கூச்சமுள்ளவர்களுக்குக் கோபம் வராது என்று ஊருலகத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. வரும். நன்றாகவே வரும். வெளியே போகத்தான் அதற்கு வழி தெரியாது. உள்ளேயே கிடந்து தோசைமாப்போலப் புளிக்கும். ஒரு நத்தாருக்குப் (கிறிஸ்துமஸ்தான்) புளித்த புளிப்பு எனக்கு இன்னும் இறங்கவில்லை. அதை எல்லோரும் பகிடிக் கதையாகச் சொல்லித் திரிகிறார்கள். இன்றைக்கு நான் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் இருக்கும். நாங்கள் ஜெர்மனியில், பீலெஃபெல்டில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். இவருடைய தங்கை, அதாவது என் மச்சாள், கனடாவிலிருந்து நத்தார் விடுமுறைக்கு வந்து இறங்கினாள். (‘இறங்கினார்’ என்றுதான் எழுத வேண்டும். கோபத்தில் ‘ள்’தான் வருகிறது.)

வந்த நேரத்திலிருந்து ஒரே பாட்டு. எங்கடை கனடாவிலை றோட்டு அகலம். எங்கடை கனடாவிலை பிரிட்ஜுக்குள்ளை ஆள் நிக்கலாம். நான் ‘ஓம் மச்சாள், ஓம் மச்சாள்’ என்று தலையாட்டினேன்.

“நத்தாருக்கு இஞ்சை என்ன சமைக்கிறனீங்கள்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“புட்டும் கோழிக்கறியும்.”

“ஐயோ மச்சாள்! முழு வான்கோழியை ஓவனுக்குள்ளை வைக்காமல் அதென்ன நத்தார்? இவ்வளவு காலம் வெள்ளைக்காரன்ரை நாட்டிலை இருந்து என்னத்தைக் கண்டனீங்கள்? விடுங்கோ, நான் செய்து காட்டுறன்.”

சொன்னதோடு நிற்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த நாலு வீட்டாரையும் டெலிபோனில் அவளே சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டாள். என் வீட்டுக்கு. என்னைக் கேட்காமல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். ஜெர்மன் நாக்கில் ஏறாது. தமிழிலேயே நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்க மாட்டேன். அந்த ஊர்ச் சனத்துக்குள் எனக்கு ஏதும் மரியாதை இருந்ததென்றால், அது நான் தைக்கிற சேலைச் சட்டைகளால் வந்தது. எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும் பாதிப் பெண்களின் முதுகில் என் தையல் இருக்கும். எத்தனை பந்தி சாப்பிட்டு எழும்பினாலும் ஒரு சட்டையில் தையல் விட்டது கிடையாது. மச்சாள் அழைத்த நாலு வீட்டுப் பெண்களும் என்னிடம் தைப்பவர்கள்தான்.

வான்கோழி ஐஸ்கட்டியாக வந்தது. கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் இவர் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார். ஜெர்மன்காரர் அதைப் ‘பூட்ட’ என்பார்களாம். மொக்குப் பெண்களைத் திட்டுவதற்கும் அதே சொல்தானாம். மகள் சொன்னாள். அப்படியென்றால் வீட்டில் இப்போது இரண்டு பூட்ட என்று நினைத்தேன். (நினைத்தேன். சொல்லவில்லை.) ஐஸ் விடுவதற்காக அதைக் குளிக்கும் தொட்டியில் போட்டார்கள். அது எழும்பும்வரை இவர் குளிக்கவில்லை. நல்ல சாட்டு.

நத்தார் அன்று காலை அண்ணனும் தங்கையும் நகரத்துக்குள் படம் எடுக்கப் போனார்கள். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்:

“மச்சாள், வான்கோழியை வடிவாத் துப்புரவாக்கி வையுங்கோ. மிச்சத்தை நான் வந்து பாக்கிறன்.”

துப்புரவாக்குவது! எங்கள் ஆட்களிடம் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கோழியென்றால் முதலில் தோல் போக வேண்டும். தோலோடு கறி வைத்தால் அந்த வீட்டில் யார் கை நனைப்பார்கள்? நான் கத்தியை எடுத்தேன். அந்தத் தோலை உரிக்கும்போது எனக்கு இருந்த சுகத்தைச் சொல்ல முடியாது. எங்கடை கனடாவிலை... சர்ர்! எங்கடை கனடாவிலை... சர்ர்! பிள்ளைக்குச் சுவெற்றர் கழற்றுவதுபோல் ஒரே துண்டாகக் கழற்றினேன். தோலைக் குப்பையில் போட்டுவிட்டு, உப்பும் மஞ்சளும் பூசி மேசையில் வைத்தேன். மஞ்சள் பூசிக் குளித்த மணப்பெண் மாதிரி இருந்தது.

மச்சாள் வந்து பார்த்தாள்.

“தோல் எங்கை?”

“குப்பையுக்கை.”

“ஐயோ கடவுளே! தோல்தான் மச்சாள் வான்கோழி! அது மொறுமொறுவெண்டு பொரியிறதுக்குத்தானே இந்தப் பாடு!”

கனடாக் கோட்டோடு குப்பை வாளிக்குள் கை விட்டாள். தேயிலைச் சக்கையும் வெங்காயக் கோதும் ஒட்டியிருந்த தோலை எடுத்துச் சுடுதண்ணீரில் கழுவினாள். கடையெல்லாம் பூட்டு. வேறு வான்கோழிக்கு வழியில்லை. பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீங்கள் தைக்கிற ஆள்தானே? திருப்பிப் போட்டுத் தையுங்கோ.”

‘ஏலாது’ என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. சின்னச் சொல். குழந்தைகள்கூடச் சொல்லும். நான் “ஓம்” என்றேன்.

வீட்டில் பருத்தி நூல் இல்லை. யாருக்கோ கூறைச் சேலைச் சட்டை தைத்து மிஞ்சிய அரக்கு நிறப் பொலியெஸ்டர் நூல்தான் இருந்தது. “இது சூட்டுக்கு உருகும் மச்சாள்” என்றேன். ஆனால் நான் பேசுவது எனக்கே கேட்காது. அவளுக்கு எப்படிக் கேட்கும்?

தைத்தேன். செத்த பறவைக்கு முன்பக்கம் பிடித்து, இடுப்புச் சுருக்கி, செட்டைக்குக் கை விட்டு, நெஞ்சுக்கு நடுவால், சட்டைக்குக் கொளுக்கி வைக்கிற இடத்தில், தையல் ஓட்டினேன். கண்ணீர் வந்தது. கவலையால் என்று மகள் நினைத்தாள். கோபத்தில் வந்த கண்ணீர் அது. ஆனாலும் பாருங்கள், தையல் மட்டும் நேர். கோபத்திலும் எனக்குக் கோணல் வராது.

ஓவனுக்குள் போய்க் கொஞ்ச நேரத்தில் ஒரு மணம் வந்தது. இறைச்சி மணம் இல்லை. சீப்பு எரிகிற மணம். கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். நூல் உருகி ஒழுக, தோல் சுருண்டு, நெஞ்சுப் பக்கம் பிளந்து இரண்டு பக்கமும் வழுகி விழுந்துகொண்டிருந்தது. குசினி முழுக்கப் புகை. எல்லா ஜன்னலையும் திறந்தோம். அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் வந்து, குளிருக்குக் கோட்டும் கழற்றாமல் மேசையைச் சுற்றி இருந்தார்கள். நடுவில் வான்கோழி. மேலே கரி, தொடையில் இரத்தம், வெற்று மார்பில் அரக்கு நிறத் துளிகள்.

மச்சாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்:

“நான் எல்லாம் சரியாத்தான் செய்தனான். மச்சாளின்ரை தையல் பிரிஞ்சுபோச்சு.”

என் சமையலைச் சொல்லியிருந்தால் விழுங்கியிருப்பேன். தையலைச் சொன்னாள். அதுவும் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்த பெண்களுக்கு முன்னால்.

நான் எழும்பினேன்.

“என்ரை தையல் பிரியேல்லை! நூல் உருகினது! இந்த நூல் நிக்காதெண்டு சொன்னனான், கேட்டனீரோ? என்ரை வீட்டுக்கு என்னைக் கேளாமல் சனத்தைக் கூப்பிட்டுப்போட்டு, குப்பையிலை கிடந்ததைத் தைக்க வைச்சுப்போட்டு, இப்ப என்ரை தையலிலை பிழை சொல்லுறீரோ? உம்மடை கனடாவிலை போய் ஆரையும் தைக்கச் சொல்லும்!”

‘நீங்கள்’ ‘நீர்’ ஆகிவிட்டிருந்தது. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றுதான் தெரியும். மச்சாளின் வாய் திறந்தபடி நின்றது. இன்னும் ஒரு நிமிடம் அப்படியே இருந்திருந்தால் அவள் மன்னிப்புக் கேட்டிருப்பாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

இவர் தொண்டையைச் செருமினார்.

“இஞ்சாரும், கொளுக்கி வைச்சிருந்தால் நிண்டிருக்கும்.”

முடிந்தது. ஒருத்தி களுக்கென்றாள். பிறகு மேசையே குலுங்கியது. மச்சாள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். “ஐயோ மச்சாள், நீங்கள் இவ்வளவு பகிடி விடுவீங்களெண்டு தெரியாமல் போச்சே!” என்று என் முதுகில் தட்டினாள். நான் குசினிக்குள் போய் எல்லோருக்கும் முட்டை பொரித்தேன். முட்டையும் பாண் துண்டும்தான் அந்த வருடத்து நத்தார்.

அன்றிலிருந்து நான் ‘வான்கோழி அக்கா’. சட்டைத் துணி கொண்டு வருகிறவள் ஒவ்வொருத்தியும், “அக்கா, ஓவனுக்கு நிக்கிற நூலாப் போடுங்கோ” என்பாள். கனடாவில் கதை இன்னும் வளர்ந்துவிட்டது. அங்கே நான் வான்கோழிக்குப் பாவாடையும் சேர்த்துத் தைத்தேனாம். என்னைக் கண்டே இராதவர்கள் கலியாண மண்டபத்தில், “ஓ, நீங்கள்தானோ அது?” என்று பல்லைக் காட்டுகிறார்கள்.

என் வாழ்நாளில் வாய் விட்டுச் சத்தம் போட்டது அந்த ஒருநாள்தான். அது மட்டும் ஒருவருடைய கதையிலும் இல்லை. இவரைக் கேட்டேன். “நீர் எப்ப சத்தம் போட்டனீர்?” என்கிறார்.

அதுதான் எழுதி வைக்கிறேன். தையல் பிரியவில்லை. நூல் உருகியது.